கீழ்வீட்டில் நவம்பர்

மிர்யா சவோலாவுக்கு மனிதக் காதைக் கண்டாலே ஆகாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் கல்யாண வயதில் தொடங்கி அவள் பார்த்த உத்தியோகமே அடுத்தவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதுதான். கனடாவில் தண்டர் பே என்கிற எங்கள் ஊரில் உள்ள வயதான காதுகளில் பாதியாவது அவள் கையால் திருகப்பட்டிருக்கும். உள்ளே அவள் கண்டதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லக்கூடாது. தேனாக ஒழுகும் குறும்பி, தாராக இறுகிய குறும்பி, போன வருஷத்துப் பஞ்சு, ஒருதரம் காலை மடக்கிச் செத்துக்கிடந்த ஒரு ஈ. "பல் டாக்டருங்க கொடுத்து வச்சவங்கடி" என்பாள் தங்கையிடம். "அவங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஜனங்க பல்லையாவது விளக்கிட்டு வர்றாங்க. காதை யாருடி கழுவிட்டு வர்றா?"

வீட்டுக்குப் போனதும் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து, சூடான கல்லில் தண்ணீரை வீசி, ஆவி முகத்தில் அறையும்போதுதான் அந்த வாரத்துக் காதுகள் தன்னைவிட்டுப் போனதாக அவளுக்குத் தோன்றும். புருஷன் என்று ஒருவன் ஒரு காலத்தில் இருந்தான். ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றி யாராவது கேட்டால், "காது முழுக்க முடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

இவ்வளவு அருவருப்போடு ஏன் அந்த வேலையில் இருந்தாள் என்றால், ஒரு விஷயத்துக்காகத்தான். சத்தம் புகாத பெட்டியறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கதவைச் சாத்துவாள். உள்ளே சின்னச் சின்ன ஒலிகள் போகும். கேட்டால் அவர் பொத்தானை அழுத்துவார். அழுத்த அழுத்த வெளியே கணினித் திரையில் ஒரு கோடு விழும். அதுதான் அந்த ஆளுடைய காது. பெண்டாட்டிக்காகச் செவிடு மாதிரி நடிப்பவரும் சரி, வீறாப்புக்காகக் கேட்கிற மாதிரி நடிப்பவரும் சரி, அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் மாட்டிக்கொள்வார்கள். நாறிக்கிடக்கும் தன் தொழிலில் சுத்தமான ஒன்று அந்தக் கோடு என்று மிர்யா நினைத்தாள். அதில் அவள் ஒரு புள்ளியைக்கூட இடம் மாற்றியதில்லை.

பழைய முதலாளி ஓய்வுபெற்று ஃப்ளோரிடாவுக்குப் போனபோது அவள் வேலை பார்த்த காதுக்கருவிக் கடையை வாங்கியவன் டெவின் லாங்மோர். தெற்கே எங்கேயோ வெந்நீர்த் தொட்டி விற்றுக்கொண்டிருந்தவன். அவசரமாக ஒரு படிப்பைப் படித்து, காதுக்கருவி பொருத்தும் உரிமத்தை வாங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் சுவருக்கு வெள்ளை அடித்தான். நாற்காலிகளை வெள்ளையாக மாற்றினான். பிளாஸ்டிக் செடி ஒன்றை வெள்ளைத் தொட்டியில் வைத்தான். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கறுப்புக் கணினிகளையெல்லாம் தூக்கிக் குப்பைக்குப் போட்டுவிட்டு, மெல்லிசாக, வழவழவென்று, வரிசையாக மேக் மடிக்கணினிகளைக் கொண்டுவந்து பரப்பினான்.

"வர்றவங்க முதல்ல பார்க்கிறது மேஜையைத்தான் மிர்யா" என்றான். "மேஜை சுத்தமா இருந்தா நம்ம மேல நம்பிக்கை வரும்."

"வர்றவங்க காது சுத்தமா இருந்தா எனக்கு அவங்க மேல நம்பிக்கை வரும்" என்றாள் மிர்யா. "அது கெடக்கட்டும். நம்ம சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸ்ல ஓடறதாச்சே, இதுல எப்படி ஓடும்?"

டெவின் அதை யோசிக்கவே இல்லை என்பது அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கடையில் இருந்த காதுச் சோதனை மென்பொருளும், கருவிக்குள் அளவுகளை ஏற்றும் மென்பொருளும் விண்டோஸைத் தவிர வேறெதையும் மதிப்பதில்லை. மேஜை அழகைப் பார்த்தவன் மேஜைமேல் நடக்கிற வேலையைப் பார்க்கவில்லை. கடைசியில் டொராண்டோவிலிருந்து ஒரு கணினிக்காரரை வரவழைத்தான். அவர் மேக் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்றை அமைத்து, அதற்குள் விண்டோஸைக் குடிவைத்துவிட்டுப் போனார். நவம்பர் மாதம் அது.

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு கம்ப்யூட்டர். லாபம்தானே?" என்றான் டெவின்.

"ஒரே பாத்திரத்துல காபியும் மீன் சூப்பும் வச்சாக்கூட லாபம்தான்" என்றாள் மிர்யா.

கடையில் அதற்கு அவள் வைத்த பெயர் கீழ்வீடு. மேக் மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர், விண்டோஸ் கீழே வாடகைக்கு இருப்பவர். கீழே இருப்பவருக்குத் தான் குடியிருப்பது இன்னொருவர் வீடு என்பதே தெரியாது. தனக்கென்று தனியாக ஒரு கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டு, தன்பாட்டுக்குக் கடிகாரம் வைத்துக்கொண்டு, தன்பாட்டுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கிடக்கும். புதுப்பிக்கத் தொடங்கினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி முடிக்கும்வரை வாடிக்கையாளரிடம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். தண்டர் பேயில் வானிலையைப் பற்றி அவ்வளவு நேரம் நல்ல வார்த்தையாகப் பேச யாராலும் முடியாது.

கீழ்வீடு அடைத்துக்கொண்டு மெதுவாகிறது என்று டெவின் புகார் செய்தபோது, கணினிக்காரர் தொலைபேசியிலேயே ஒரு வழி சொன்னார். குடிவைத்த அன்றே கீழ்வீட்டை இருந்தது இருந்தபடி படம்பிடித்து வைத்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கீழ்வீடு அந்த நவம்பர் நாளுக்கே திரும்பிவிடும். அதற்குப் பிறகு உள்ளே சேர்ந்த குப்பை, கோளாறு, கோப்பு எதுவும் இருக்காது. நடந்ததே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னால் மாடிக்கு, அதாவது மேக்கில் இருக்கும் பொது அறைக்கு, நகலெடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை கடை திறப்பதற்கு முன் பொத்தானை அழுத்துவது என்று முடிவாயிற்று. மற்ற நாட்களில் சாயங்காலம் அவரவர் எடுத்த சோதனைகளை அவரவர் மேலே ஏற்றிவிட வேண்டும். டெவினுக்கு அந்தப் பொத்தான்மேல் ஒரு மோகமே பிறந்துவிட்டது. அழுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வான். திங்கட்கிழமைகளில் கீழ்வீடு கொஞ்ச நேரத்துக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும், ஓரத்தில் நவம்பர் மாதத் தேதியைக் காட்டிக்கொண்டு. மாடியில் ஜனவரி, பிப்ரவரி என்று போய்க்கொண்டிருக்கும். தலையில் தட்டி எழுப்புகிற மாதிரி மிர்யா தானே போய்த் தேதியைச் சரிசெய்வாள். "செய்யற வேலையை அழிச்சுட்டு அதுக்குச் சுத்தம்னு பேரு" என்று முணுமுணுத்துக்கொள்வாள்.

நெஸ்டர் ஹ்ரிசக் முதன்முதலில் வந்தது ஏப்ரல் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பனி உருகி, குளிர்காலம் முழுக்க நாய்கள் போட்டதெல்லாம் நடைபாதையில் வரிசையாக வெளிப்பட்டுக் கிடக்கும் பருவம் அது. ஊரிலேயே கேவலமான மாதம். அவர் பூட்ஸில் அதில் ஒன்றை ஒட்டிக்கொண்டே உள்ளே வந்தார். டெவின் தன் வெள்ளைத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மிர்யாவுக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் வாழ்க்கை இனித்தது.

பெரிய உடம்பு. துறைமுகத்துத் தானியக் கிடங்கில், இயந்திரங்களின் இரைச்சலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பூண்டுத் தொத்திறைச்சி வாசனை அடித்தது. கோட்டைக் கழற்றாமலேயே கத்திப் பேசினார்.

"பொண்ணே, எனக்கு ரொம்ப நாளாவே காது கேக்காது. கேக்காட்டிப் போகுதுன்னுதான் இருந்தேன். இப்ப முடியல."

"இப்ப என்ன ஆச்சு?" என்று மிர்யாவும் கத்தினாள்.

"என் வீட்டுக்காரி வெர்னா. தொண்டையில கேன்சர். கடைசிக் காலத்துக்குன்னு ஒரு இல்லம் இருக்கே, அங்க வச்சிருக்காங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பார்த்துக்கறாங்க." அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "கல்யாணமான நாள்லருந்து அவ பேசாம இருந்ததே இல்ல. வீட்டுக்குள்ள ரேடியோ ஓடற மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். நான் பாதியைக் கேக்கறதில்லை. இப்பத் தொண்டை போய், மூச்சாத்தான் பேசறா. உதடு அசையுது. எழுதிக் காட்டவும் கையில தெம்பில்ல. எனக்கு ஒண்ணும் விளங்கல. டாக்டரு பனி முழுசா உருகற வரைக்கும் தாங்கினாலே பெரிசுங்கறாரு. அதுக்குள்ள எனக்குக் கேக்கணும்."

"கேக்க வைக்கலாம்" என்றாள் மிர்யா. சாதாரணமாக அவள் அப்படி வாக்குக் கொடுப்பவள் அல்ல.

காதுகள் பயங்கரம். தானியத் தூசியும் குறும்பியும் சேர்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சொட்டு மருந்தை விட்டு, சுரண்டி, கழுவி, ஒருவழியாகச் சுத்தம் செய்தாள். வெளியே வந்ததைத் துணியில் சுற்றிக் கண்ணில் படாமல் தூக்கிப் போட்டாள். பிறகு அவரைப் பெட்டியறைக்குள் உட்காரவைத்தாள். கோடு விழுந்தது. கனத்த ஒலிகள் பக்கம் ஏறக்குறைய நல்ல காது. மெல்லிய, கூர்மையான ஒலிகள் பக்கம் வந்ததும் மலைச்சரிவு மாதிரி செங்குத்தாக இறங்கியது. கிசுகிசுப்பாகப் பேசுகிறவர்களின் பேச்செல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. சரிவை மட்டும் தூக்கிவிட்டால் போதும், மற்றதைத் தொடவே வேண்டாம்.

சோதனையை மேலே ஏற்றப் போனபோது கீழ்வீடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மத்தியானமே மிர்யா கிளம்ப வேண்டும். சூ நகரத்தில் இருக்கும் தங்கைக்குக் கண் அறுவை, அதற்காக ஒரு வாரம் விடுப்பு. ஏரியை ஒட்டி நாள் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம்.

"டெவின், நெஸ்டரோட சோதனை கீழ்வீட்டுலயே இருக்கு" என்றாள், மேல்கோட்டை மாட்டிக்கொண்டே. "அது சுத்தி முடிச்சதும் மேல ஏத்திடுங்க. அடுத்த வாரம் கருவி வந்ததும் அந்தக் கோட்டை அப்படியே ஏத்திப் பொருத்திடுங்க. அவருக்கு அவசரம்."

"ஆச்சு. நீங்க கவலைப்படாம போங்க" என்றான் டெவின்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் நெஸ்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. மிர்யாவின் மேஜைமேல் கருவிப் பெட்டியை வைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"இதை நீயே எடுத்துக்கோ பொண்ணே."

"ஏன், என்ன ஆச்சு? கேக்கலையா?"

"எல்லாம் கேக்குது. அவ ரூமுக் கனப்படுப்பு உறுமறது இடி மாதிரிக் கேக்குது. சாப்பாட்டு வண்டி வந்தா ரயிலு வர்ற மாதிரி இருக்கு. என் சத்தமே எனக்குப் பீப்பாய்க்குள்ளருந்து கேக்குது. அவ பேசறது மட்டும் கேக்கல." மூக்கை உறிஞ்சினார். "பழகிடும்னு அந்தப் பையன் சொன்னான். இத்தனை நாளும் கழட்டாம போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். பழகல. என் காது முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். உன்மேல தப்பில்லை."

மிர்யா விளக்கை எடுத்து அவர் காதுக்குள் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவள் சுரண்டிவிட்ட பிறகு பொட்டுக் குறும்பிகூடச் சேரவில்லை. அப்படியானால் கோளாறு காதில் இல்லை. கணினியில் அவருடைய பெயரைத் தட்டி, கோட்டைத் திறந்தாள்.

சரிவே இல்லை. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை மேஜை மாதிரித் தட்டையாக ஒரு கோடு படுத்துக்கிடந்தது. மேலே நெஸ்டர் ஹ்ரிசக் என்று பெயர் இருந்தது. கோடு வேறு யாருடையதோ. மிர்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூலையில், சோதனை எடுத்த தேதி என்ற இடத்தில், நவம்பர் என்று இருந்தது.

நவம்பரில் நெஸ்டர் இந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை. நவம்பர் கீழ்வீட்டின் பிறந்த மாதம். பொத்தானை அழுத்திய கையோடு, அது தூக்கம் தெளிவதற்குள், யாரோ உட்கார்ந்து ஒரு கோட்டைச் செய்து நெஸ்டரின் பெயரை எழுதியிருக்கிறார்கள். எழுதியவன் மாடியில் தெரிந்த ஏப்ரல் தேதியைப் பார்த்தானே தவிர, கீழ்வீட்டின் தேதியைப் பார்க்கவில்லை. மிர்யாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

"கொஞ்சம் உக்காருங்க நெஸ்டர்" என்று அவர் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, டெவினின் அறைக்குள் போனாள். அவன் இளஞ்சிவப்புப் பாகு தடவிய, பெர்சியன் என்கிற எங்கள் ஊர்ப் பன் ஒன்றை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தான். பெர்சியனைக் கையால் பிய்த்துத் தின்னாமல் முள்கரண்டியால் சாப்பிடுகிறவனை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

"நான் ஊருக்குப் போன வெள்ளிக்கிழமை பொத்தானை அழுத்தினீங்களா?"

"எந்த வெள்ளி?"

"நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பின வெள்ளி. நெஸ்டரோட சோதனை உள்ள இருக்குன்னு சொல்லிட்டுப் போனேனே, அந்த வெள்ளி."

டெவின் கரண்டியைக் கீழே வைத்தான். "விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார். ஸ்க்ரீன் முழுக்க அந்த வட்டம் அசிங்கமா சுத்திக்கிட்டே இருந்தது. படத்துல அதெல்லாம் விழக்கூடாதில்ல? சரின்னு அழுத்திட்டேன். உள்ள சோதனை இருந்தது அப்ப ஞாபகத்துக்கு வரல. மனுஷன்தானே?"

"சரி, மறந்துட்டீங்க. கூப்பிட்டு மறுபடி சோதனை எடுக்க வேண்டியதுதானே?"

"அவர்தான் அவசரம் அவசரம்னு உயிரை எடுத்தார். தொலைச்சுட்டோம்னு சொன்னா நம்ம பேர் என்ன ஆகறது?" அவன் குரலைத் தழைத்தான். "அதே கிடங்குல, அதே வயசுல ஒருத்தரோட சோதனை கீழ்வீட்டுல முதல் நாள்லருந்தே இருந்தது. அதைப் பார்த்து அதே புள்ளிகளை நெஸ்டர் பேர்ல புதுசாப் போட்டேன். கிடங்குக் காது எல்லாம் ஒண்ணுதானே மிர்யா? அந்த இரைச்சல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே போயிருக்கும்?"

 எத்தனையோ காதுகளுக்குள் எட்டிப் பார்த்தவள் மிர்யா. ஈயைப் பார்த்தவள், சீழைப் பார்த்தவள். இவ்வளவு அசிங்கமாக ஒன்றை எந்தக் காதிலும் பார்த்ததில்லை. இவன் முன்னால் நிற்கும்போது தன் கையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ச்சீ" என்றாள். "அந்த மனுஷன் தன் காது செத்துப்போச்சுன்னு வெளிய உக்காந்து அழுதுக்கிட்டிருக்கார். பொண்டாட்டி சாகக் கிடக்கா. நீ இங்க பன்னை வெட்டித் தின்னுக்கிட்டிருக்கே."

"கொஞ்சம் மரியாதையா…"

"மரியாதையை உன் பிளாஸ்டிக் செடிக்குக் குடு."

வெளியே வந்து நெஸ்டரின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறைக்காமல் சொன்னாள். அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்க காது முடியல நெஸ்டர். உங்க சோதனையை எங்க கடையில தொலைச்சுட்டாங்க. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வேற ஒருத்தர் காதுக்குத் தேவையானதை உங்க கருவியில ஏத்திட்டாங்க. நீங்க போட்டுக்கிட்டிருந்தது வேற ஆளோட காது."

நெஸ்டர் பெட்டியைத் திறந்து கருவிகளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த ரெண்டு வாரம்?" என்றார்.

மிர்யா எழுந்து பெட்டியறைக் கதவைத் திறந்தாள். "பெட்டிக்குள்ள போங்க. மறுபடி எடுப்போம்" என்றாள்.

அடுத்த வாடிக்கையாளருக்கு அந்த நேரம் கொடுத்தாயிற்று என்று டெவின் வந்து நின்றான். அவள் அவன் மூக்கு நுனியில் பெட்டியறைக் கதவைச் சாத்தினாள். கோடு விழுந்தது. பழையபடி அதே சரிவு, கொஞ்சமும் மாறாமல். அதைக் கருவிகளில் ஏற்றினாள். ஆனால் கடையில் ஏற்றியதோடு முடிந்துவிடாது. மூச்சாகப் பேசுகிற ஒரு குரலுக்காக வைப்பதென்றால், அந்தக் குரலையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிச் சுற்றுத் திருக வேண்டும். மிர்யா மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் கடையை விட்டு வெளிய போகக்கூடாது" என்றான் டெவின்.

"போலீஸைக் கூப்பிடு. வந்தாங்கன்னா நவம்பர் கதையையும் அவங்ககிட்ட நானே சொல்றேன்."

அவன் கூப்பிடவில்லை. அந்தக் கடையில் அதுதான் அவள் வேலை பார்த்த கடைசி நாள். மறுநாள் மடிக்கணினியையும் சாவியையும் வாசல் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே உரிமம் கொடுக்கிற இடத்துக்கு அந்த நவம்பர் கோட்டின் நகலோடு ஒரு புகாரையும் அனுப்பிவைத்தாள்.

அதெல்லாம் பிறகு. இப்போது கடையிலிருந்து நேரே தன் காரிலேயே நெஸ்டரை இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போனாள். இல்லத்தில் வெப்பத்தை எக்கச்சக்கமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். மருந்தும், வேகவைத்த கேரட்டும், வாடிய பூவுமாக ஒரு வாடை. அந்த மாதிரி வாடைக்கு எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மிர்யா, அன்று டெவினை நினைத்துக்கொண்டு ஆழமாகவே மூச்சிழுத்தாள். அவனைவிட இது எவ்வளவோ சுத்தம்.

ஜன்னலோரக் கட்டிலில் வெர்னா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பறவை மாதிரி ஆகிவிட்டிருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் இரவு உடைக்கு மேலே வெளியே போட்டுக்கொண்டு போகிற தடித்த கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள்.

"குளிருது போலிருக்கு இவளுக்கு" என்றார் நெஸ்டர். "தினமும் நான் வர்ற நேரத்துக்கு நர்ஸைக் கூப்பிட்டுக் கோட்டை மாட்டச் சொல்றாளாம்."

மிர்யா வெர்னாவுக்குத் தன்னை இன்னாரென்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைக் கட்டில் ஓரத்தில் திறந்தாள். கருவிகளோடு பேசுகிற சின்னப் பட்டையை நெஸ்டரின் கழுத்தில் மாட்டி, அதன் கம்பியைக் கணினியில் செருகினாள். உடனே மேக் எழுந்து கேட்டது, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா, விண்டோஸுக்குக் கொடுக்கட்டுமா என்று. ஒவ்வொரு தடவையும் கேட்கும். "கீழ கொடுத்துத் தொலை" என்று திரையைத் தட்டினாள். கொடுத்தது. கீழ்வீட்டின் தேதியை முதலில் பார்த்தாள். ஏப்ரல்தான். சரிவான கோடு வந்தது. நெஸ்டரின் காதுகளில் கருவிகள் மெல்ல ஒரு இசைத்துணுக்கை ஒலித்துத் தயாராயின.

"இப்ப எப்படி இருக்கு?"

நெஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "கனப்படுப்பு நின்னுபோச்சா?"

"ஓடுது. உங்களுக்கு இப்ப அது அளவாக் கேக்குது." மிர்யா கட்டில் பக்கம் திரும்பினாள். "வெர்னா, நீங்க அவர்கிட்ட ஏதாவது பேசணும். எதுவானாலும் சரி. உங்க குரலை வச்சுத்தான் நான் இதைத் திருகணும்."

வெர்னா மிர்யாவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவளுக்குப் பேச விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் காற்று கசிகிற மாதிரி ஆரம்பித்தாள். மிர்யா திரையில் ஒரு அளவை மேலே தள்ளினாள்.

"இன்னும் என்ன பேச இருக்கு?" என்றாள் வெர்னா. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு தினமும் கேக்கறேன். தினமும் சரி சரின்னு தலையை ஆட்டறே. சாயங்காலம் ஆனா எழுந்து நீ மட்டும் போயிடறே."

நெஸ்டரின் முகம் அப்படியே நின்றது. காது கேளாதவர்கள் எல்லோரும் செய்வதுதான். எதிரே உதடு அசைந்தால் தலையாட்டிவிடுவார்கள். திரும்பத் திரும்ப என்ன என்ன என்று கேட்டு, சாகக் கிடப்பவளைச் சிரமப்படுத்த அவருக்கு மனம் வந்திருக்காது. மிர்யாவுக்கு அது நன்றாகத் தெரியும். கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்குக் கேக்கல வெர்னா" என்றார் நெஸ்டர்.

"பொய் சொல்லாதே."

"சத்தியமாக் கேக்கல."

"புதுசா ரெண்டு காதை வாங்கி மாட்டிக்கிட்டுத்தானே வந்து உக்காந்தே?" வெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பேசினாள். "எனக்காகத்தான் வாங்கினேன்னு சொன்னியே. அதைப் போட்டுக்கிட்டுத்தானே தலையாட்டினே? சரி, கேட்டுட்டான், இஷ்டமில்லை, இங்கேயே நான் போய்ச் சேரட்டும்னு நினைக்கிறான்னு விட்டுட்டேன். கோட்டு மட்டும் போட்டுக்குவேன். ஒருவேளை இன்னைக்கு மனசு மாறி வருவியோன்னு."

நெஸ்டர் கையை நீட்டி அவள் கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டார்.   மிர்யா எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவர் சொல்றது நிஜம், அம்மா. அந்தக் கருவியில அவருக்கு உங்க குரல் கேட்டிருக்காது. தப்பு எங்க கடையோடது. வேற ஒருத்தருக்கு வைக்க வேண்டியதை இவருக்கு வச்சுட்டாங்க. தெரிஞ்சே வச்சாங்க." சொல்லும்போது அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவள் அவள்தானே. "அவர் உங்களுக்குப் பொய்யாத் தலையாட்டல. என்ன சொல்றீங்கன்னே அவருக்குத் தெரியாது."

வெர்னா அவளைப் பார்த்தாள். மன்னித்தாளா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. மன்னித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு மிர்யாவை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இப்ப நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னே" என்றார் நெஸ்டர்.

"அப்புறம் எதுக்கு இன்னும் உக்காந்திருக்கே?"